00001040 என்றால் என்ன? வன்பொருள் பிழைச் செய்தியும் அதைத் திருத்தும் பேட்சும்

போன ஆடியில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மேனேஜர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. "பிசிஐஇ பஸ் எரர்: சிவியரிட்டி = கரெக்டட்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "எரர் ஸ்டேட்டஸ்/மாஸ்க் = 00001040/00002000" என்று இன்னொரு வரி. அதோடு படம் வெட்டுப்பட்டிருந்தது. படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

"ஏனுங்க தம்பி, சர்வர் போயிருச்சுங்களா? காலைல கன்டெய்னர் ஏத்தோணும். பயந்துட்டு ஆஃப் பண்ணி வெச்சுட்டனுங்க."

"ஒன்னும் ஆகலீங்ணா. ஆன் பண்ணுங்க."

பேக்கிங் லிஸ்ட் அடிக்க வேண்டிய சர்வரை, "பிழை வந்தது, சரி செய்தாயிற்று" என்று சொன்ன ஒரு செய்தியைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த வரியில் கண்ணில் படுவது "எரர்" மட்டும்தான். "கரெக்டட்" அதன் வாலில் ஒளிந்திருக்கிறது. அப்புறம் வருவது வெறும் எண். இதே வரி மாதக்கணக்காகக் கொட்டினாலும் "அது அப்படித்தான் வரும்" என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பயப்படுகிறவருக்கும் சரி, கண்டுகொள்ளாதவருக்கும் சரி, அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரியாது.

இந்த வரிகளை மனிதர் படிக்கும்படி மாற்றலாம் என்று யாராவது கெர்னலுக்கு (வன்பொருளைக் கவனித்துக்கொள்ளும் மைய மென்பொருள், கீழே விளக்குகிறேன்) ஒரு திருத்தம் எழுதி அனுப்பினால், அதைப் பற்றியும் ஒரு தப்பான நினைப்பு உண்டு: "மெசேஜைத்தானே மாத்தியிருக்கான், இதுல ரிவியூ பண்ண என்ன இருக்கு?" நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நடுவில் நிற்கும் சூப்பர்வைசர்

பனியன் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் நேராகப் போய் நிட்டிங் மெஷினில் கை வைக்க மாட்டார். ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் சொல்வார். எந்த மெஷின் சும்மா இருக்கிறது, எதில் ஊசி உடைந்தது என்பதெல்லாம் சூப்பர்வைசருக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் இருப்பது கெர்னல். நாம் ஓட்டும் டாலியோ பிரவுசரோ டிஸ்க்கையும் மெமரியையும் நெட்வொர்க் கார்டையும் நேரடியாகத் தொட முடியாது; கெர்னலைக் கேட்டுத்தான் எல்லாம் நடக்கும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அப்படி ஒரு கெர்னல். பெரும்பாலான சர்வர்களில் ஓடுவது அதுதான். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான்.

சூப்பர்வைசர் கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். "11.20க்கு 6ஆம் மெஷின் நின்றது, நூல் அறுந்தது" என்று எழுதுவார். கெர்னலிடமும் அப்படி ஒரு நோட்டு உண்டு. அதன் பெயர் லாக். மேனேஜர் படம் பிடித்து அனுப்பியது அந்த நோட்டின் ஒரு பக்கத்தை.

பண்டல் திரும்பி வந்த கதை

கட்டிங்கிலிருந்து தையலுக்குப் பண்டல் போகும்போது கூடவே ஒரு சீட்டு போகும்: 48 பீஸ். தையல் பக்கம் எண்ணிப் பார்ப்பார்கள். 47 இருந்தால் பண்டலைத் திருப்பி அனுப்பி, சரியான பண்டல் வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு வேலை கெடாது, சட்டையும் குறையாது. ஆனால் நோட்டில் ஒரு வரி ஏறும்.

கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டுக்கும் அதில் செருகிய கார்டுகளுக்கும் நடுவில் நடப்பதும் இதுதான். அந்தப் பாதையின் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ், சுருக்கமாகப் பிசிஐஇ. அதில் தகவல் சின்னச் சின்னப் பண்டல்களாகப் போகும். அவற்றைப் பாக்கெட் என்பார்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும், உள்ளே இருப்பதை வைத்துக் கணக்குப் போட்ட ஒரு சரிபார்ப்பு எண் ஒட்டியிருக்கும். வாங்குகிற பக்கம் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் "கெட்டுப்போச்சு, திரும்ப அனுப்பு" என்று பதில் போகும். அனுப்பியவர் கையில் ஒரு நகல் இருக்கும். அதையே மறுபடி அனுப்புவார். சில நேரம் பதிலே வழியில் தொலைந்துவிடும். அப்போது அனுப்பியவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானாகவே மறுபடி அனுப்புவார்.

இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள், கெர்னலுக்குத் தெரியாமலே, வன்பொருளுக்குள்ளேயே முடிந்துவிடும். இப்படித் தானாகச் சரியான பிழைக்குப் பெயர்தான் கரெக்டட். இதைத் தாண்டி இரண்டு தரம் உண்டு. ஒன்று, சரி செய்ய முடியவில்லை, ஆனால் பாதை பிழைத்துக்கொண்டது. இன்னொன்று, பாதையையே இனி நம்ப முடியாது. மேனேஜருக்கு வந்தது முதல் தரம். 47 பீஸ் பண்டல்.

சுவிட்சு வரிசையும் படிக்கற்களும்

நடந்ததைக் கார்டு எப்படிக் கெர்னலிடம் சொல்கிறது? வாய் கிடையாது. சுவிட்சு வரிசைதான். சிப்புக்குள் 32 சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருக்கும் ஓர் இடம் உண்டு. அதற்கு ரெஜிஸ்டர் என்று பெயர். ஒவ்வொரு சுவிட்சும் ஒரு பிட். அதில் ஒவ்வொரு வகைப் பிழைக்கும் ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கியிருப்பார்கள். எண்ணுவது வலமிருந்து, பூஜ்ஜியத்தில் தொடங்கி.

தானாகச் சரியான பிழைகளுக்கான ரெஜிஸ்டரில் 0ஆம் பிட் என்றால் சிக்னலை வாங்குவதிலேயே கோளாறு. 6 என்றால் தகவல் பாக்கெட் கெட்டுப்போய் வந்தது. 7 என்றால் பாதையைப் பராமரிக்க இரு பக்கமும் அனுப்பிக்கொள்ளும் குட்டிப் பாக்கெட் கெட்டது. 8 என்றால் திரும்பத் திரும்ப அனுப்பிச் சலித்துவிட்டது. 12 என்றால் பதிலுக்குக் காத்திருந்த நேரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு 13, 14, 15 என்று மூன்று உண்டு. நடுவில் இருக்கும் 1 முதல் 5 வரையும், 9 முதல் 11 வரையும் காலி. பிற்காலத்துக்கென்று ஒதுக்கிய இடங்கள். இந்தக் காலி இடங்களை மறந்துவிடாதீர்கள். கதையில் வில்லன் அவைதான்.

சரி, 00001040க்கு வருவோம். அதைப் பார்த்து "ஆயிரத்து நாற்பது" என்று படித்தால் தப்பு. அது பதினாறு நிலை எண். ஒவ்வொரு இலக்கமும் நாலு சுவிட்சுகளின் நிலையைச் சொல்கிறது. அந்தக் காலத்து மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 4, 8 என்று நாலே படிக்கற்கள் இருந்தால் போதும், 15 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். 5 வேண்டுமா, 4உம் 1உம். 12 வேண்டுமா, 8உம் 4உம். எந்தக் கல் தட்டில் இருக்கிறதோ அந்த சுவிட்சு போட்டிருக்கிறது என்று பொருள். (ஒன்பதுக்கு மேல் போனால் ஒரே இலக்கத்தில் எழுத ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துவார்கள். நமக்கு வந்த எண்ணில் அந்தத் தொல்லை இல்லை.)

வலது கோடி இலக்கம் 0. எனவே 0 முதல் 3 வரையான சுவிட்சுகள் எதுவும் போடவில்லை. அடுத்தது 4. இது 4 முதல் 7 வரையான சுவிட்சுகளுக்கு. தட்டில் இருப்பது மூன்றாவது கல். 4, 5, 6 என்று எண்ணினால் ஆறாவது பிட். அடுத்தது 0, விடுங்கள். அதற்கடுத்தது 1. இது 12 முதல் 15 வரையான சுவிட்சுகளுக்கு. தட்டில் இருப்பது முதல் கல், ஆக 12ஆவது பிட்.

முடிந்தது. பாக்கெட் கெட்டு வந்தது, பதிலுக்குக் காத்து நேரமும் முடிந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் பாதையில் சிக்னல் சுத்தமாக இல்லை என்று சந்தேகிக்கலாம். கார்டு சரியாக உட்காரவில்லையா, செருகும் இடத்தில் தூசியா என்று பார்க்க வேண்டும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்து வீசும் மாதத்தில், பஞ்சுத் தூசி பறக்கும் ஊரில், இதற்கு மேல் துப்பு வேண்டுமா?

இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன்: வன்பொருள் பிழையைக் கண்டால் ஒரு சுவிட்சைப் போடும். கெர்னல் அந்த வரிசையை எண்ணாகப் படித்து லாகில் எழுதும். அந்த எண்ணுக்குள் எல்லாம் இருக்கிறது, ஆனால் ராத்திரி பத்தரைக்கு யாரும் படிக்கல் போட்டு நிறுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பேட்ச்: ஆல்டர் செய்த சட்டை

தைத்த சட்டையில் கை நீளமாக இருந்தால் புதுச் சட்டை தைக்க மாட்டோம். கையை மட்டும் பிரித்து, வெட்டி, மடித்துத் தைப்போம். கெர்னலில் கோடிக்கணக்கான வரிகள். அதில் ஒரு மாற்றம் செய்கிறவர் முழுசையும் அனுப்புவதில்லை. எந்த வரியை எடுத்தார், எந்த வரியைச் சேர்த்தார் என்பதை மட்டும் அனுப்புவார். எடுத்த வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. இதுதான் பேட்ச். அதைச் சேர்ப்பதற்கு முன்னால் இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்பதுதான் ரிவியூ.

இன்றைய லினக்ஸ் இந்தப் பிழைகளின் பெயரை ஏற்கனவே அடுத்தடுத்த வரிகளில் அச்சிடுகிறது. மேனேஜர் அனுப்பிய படத்தில் வெட்டுப்பட்டுப் போனது அந்த வரிகள்தான். பாடத்துக்காக, வெறும் எண்ணை மட்டும் அச்சிடும் ஒரு கெர்னல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைத் திருத்த ஒருவர் இப்படி ஒரு பேட்ச் அனுப்புகிறார் (நிஜப் புரோகிராம் கோடு இப்படி இருக்காது, தமிழில் எளிமையாக எழுதிக்காட்டுகிறேன்):

− அச்சிடு "பிழை நிலை = 00001040"
+ பெயர்ப் பட்டியல் = வாங்கும் கோளாறு, கெட்ட பாக்கெட், கெட்ட குட்டிப் பாக்கெட், மறு அனுப்பல் சலிப்பு, நேரம் முடிந்தது, எச்சரிக்கை, உள் பிழை, தலைப்பு நிரம்பியது
+ போட்டிருக்கும் ஒவ்வொரு பிட்டுக்கும்: பட்டியலில் அந்த இடத்தில் உள்ள பெயரை அச்சிடு

பார்க்க அழகாக இருக்கிறது. எட்டு வகைப் பிழை, எட்டுப் பெயர், எழுத்துப் பிழைகூட இல்லை. அனுப்பியவர் 0ஆம் பிட்டைப் போட்டுச் சோதித்தும் பார்த்திருக்கிறார், "வாங்கும் கோளாறு" என்று சரியாகவே வந்தது. சேர்த்துவிடலாமா?

செக்கிங் டேபிள்

திருப்பூரில் செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். "சட்டை நல்லா இருக்குது" என்று பொதுவாகப் பார்ப்பதில்லை. தோள், அக்குள், கழுத்துப் பட்டி என்று கை ஒரு வரிசையில் போகும். எங்கே தையல் விடும் என்று விரலுக்குத் தெரியும். கோளாறு கண்ட இடத்தில் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர். லாக் பேட்சில் விரல் முதலில் போக வேண்டிய இடம் பெயர்ப் பட்டியல்.

நம் 00001040ஐ இந்தப் பட்டியலில் ஓட்டிப் பார்ப்போம். ஆறாவது பிட் போட்டிருக்கிறது. பட்டியலில் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி ஆறாவது இடத்துக்குப் போங்கள். அங்கே இருப்பது "கெட்ட பாக்கெட்" இல்லை. "உள் பிழை". அனுப்பியவர் காலி இடங்களை விட்டுவிட்டுப் பெயர்களை நெருக்கி அடுக்கிவிட்டார். செருகுமிடத்தில் தூசி தட்ட வேண்டிய வேலைக்கு, கார்டே உள்ளுக்குள் கெட்டுவிட்டது என்று கெர்னல் சொல்லும். படிக்கிறவர் நம்புவார். நம்பி நல்ல கார்டைக் கழற்றிவிட்டுப் புதுசு வாங்கிப் போடுவார். புதுக் கார்டும் அதே தூசியில் உட்காரும்.

இன்னொரு பிட் பாக்கி. 12. பட்டியலில் இருப்பதே எட்டுப் பெயர், 0 முதல் 7 வரை. பன்னிரண்டாவது இடம் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. அங்கே மெமரியில் என்ன கிடக்கிறதோ அதைப் பெயர் என்று நினைத்துக் கெர்னல் எடுக்கப் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் குப்பை எழுத்து அச்சாகும். இல்லை என்றால் கெர்னலே சுருண்டுவிடும். சூப்பர்வைசர் விழுந்தால் ஃப்ளோர் முழுக்க நிற்கும். தானாகச் சரியாகிப்போன ஒரு பிழையை நல்ல வார்த்தையில் சொல்லப் போய், நிஜமாகவே சர்வர் விழும். மேனேஜரின் பயம் அப்போது பலித்திருக்கும்.

அனுப்பியவரின் சோதனையில் இது ஏன் மாட்டவில்லை? அவர் சோதித்தது 0ஆம் பிட்டை. காலி இடங்கள் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். இந்த மாதிரிப் பேட்சில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு: முதல் பிட், கடைசிப் பிட், நடுவில் ஒரு காலிப் பிட் என்று மூன்றையும் காகிதத்தில் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். ஸ்கிரீனில் பார்த்தால் கண் ஏமாற்றும்.

ரிவியூ செய்கிறவர் எழுதும் பதில் இப்படி இருக்கும்: பட்டியலில் 1 முதல் 5, 9 முதல் 11 காலியாக வேண்டும், பெயர் இல்லாத பிட் வந்தால் "பெயரில்லா பிட் 9" என்று எண்ணையே போடுங்கள், பட்டியலின் நீளத்தைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள், பழைய எண்ணை ஏன் எடுத்தீர்கள்?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். பெயர் என்பது ஒருவர் எழுதிய விளக்கம். எண் என்பது வன்பொருள் சொன்ன வாக்குமூலம். விளக்கம் தப்பாகலாம். நாளைக்கே அந்தக் காலிப் பிட்டுக்குப் புதுப் பொருள் வரலாம். எண் பக்கத்திலேயே இருந்தால் யாராவது படிக்கல் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதனால் இரண்டும் வேண்டும், முடிந்தால் ஒரே வரியில். பல வரிகளாகப் பிரித்தால் நடுவில் வேறு செய்தி புகுந்துவிடும். படம் பிடிக்கிறவர் பாதியை வெட்டிவிடுவார் என்பதும் நமக்குத் தெரியும்.

இன்னொரு சுருக்கம்: படிக்க எளிதான செய்தி தப்பாக இருந்தால், படிக்க முடியாத எண்ணைவிட அது ஆபத்து. எண்ணைப் பார்த்தால் விவரம் தெரிந்தவரைக் கேட்பார்கள். வார்த்தையைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள்.

மற்ற தையல்கள்

செய்தி எத்தனை முறை அச்சாகும் என்பது அடுத்த கேள்வி. ஆட்டம் காணும் ஒரு கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில் பிழை தரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்றால் லாக் கோப்பு டிஸ்க்கையே நிரப்பிவிடும். லேப்டாப்களில் இப்படி நடந்து பலர் தலையில் கை வைத்திருக்கிறார்கள். கெர்னலில் இதற்கு ஒரு மதகு உண்டு. வழக்கமான அளவு 5 நொடிக்கு 10 செய்தி. அதற்கு மேல் வருவதை அச்சிடாமல், எத்தனை அடக்கப்பட்டன என்று மட்டும் பின்னால் சொல்லும்.

தரமும் பார்க்க வேண்டும். கெர்னல் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுத் தரம். தானாகச் சரியான பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழைகளை லினக்ஸ் முன்பு "எரர்" தரத்தில் அச்சிட்டது. பிறகு அது "வார்னிங்" தரத்துக்கு இறக்கப்பட்டது. நல்ல முடிவு. ஏஎம்டி சிப்களின் பிழையைப் பிரித்துச் சொல்லும் பகுதி ஒரு படி மேலே போய், "கரெக்டட் எரர், நோ ஆக்‌ஷன் ரிக்வயர்டு" என்றே அச்சிடுகிறது. அந்த வரி எனக்குப் பிடிக்கும். ஒரே ஒரு மனத்தாங்கல்: ஒரு முறை வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், சரி. ஒரே நாளில் நானூறு முறை வந்தால்?

அப்புறம் ஒரு சின்ன விஷயம். கோடு எழுதுகிறவர்கள் வரி நீளமாகிவிட்டால் இரண்டாக மடிப்பார்கள். ஆனால் லாகில் அச்சாகும் வாசகத்தை மட்டும் மடிக்கக் கூடாது என்று கெர்னலின் எழுத்து நடை விதியே சொல்கிறது. காரணம் எளிது. லாகில் ஒரு வரியைப் பார்த்தவர் அதே வார்த்தைகளைக் கோடுக்குள் தேடுவார். வாசகம் இரண்டு வரியாக உடைந்திருந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்பும்.

இத்தனை கேள்விக்கும் பதில் எழுதி, அனுப்பியவர் பேட்சின் இரண்டாம் பதிப்பை அனுப்புவார். மூன்றாவதும் நாலாவதும் வருவது சாதாரணம். அடியில் அவர் பெயரோடு "சைன்டு ஆஃப் பை" என்று ஒரு வரி இருக்கும். இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற கையெழுத்து அது, 2004இல் வந்த வழக்கம். படித்துத் திருப்தியானவர் "ரிவியூடு பை" என்று தன் பெயரைச் சேர்ப்பார். செக்கிங் அக்கா பீஸில் தன் நம்பரைப் போடுகிற மாதிரி.

சாய்வுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

கன்டெய்னர் போன மறுநாள் சர்வரைத் திறந்தோம். நெட்வொர்க் கார்டுக்கு அடியில் கட்டைவிரல் கனத்துக்குப் பஞ்சு. ப்ளோயர் அடித்து, கார்டைக் கழற்றி மறுபடி அழுத்தி உட்கார வைத்தோம். மேனேஜர் பக்கத்திலேயே நின்று, நான் ஒரு பில் பின்னால் எழுதிக்காட்டிய படிக்கல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரிங்க தம்பி, 1040 புரிஞ்சுதுங்க. சாய்வுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் 2000ன்னு ஒன்னு இருந்துதே, அது என்னதுங்க?"

அது மாஸ்க். எந்தப் பிழையைக் கண்டால் கெர்னலை எழுப்ப வேண்டாம் என்று மூடி வைத்த சுவிட்சுகளின் வரிசை. எது மூடியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பேனாவை அவரிடம் கொடுத்தேன். வலமிருந்து மூன்று பூஜ்ஜியம் தாண்டி, நாலாவது இலக்கம் 2, இரண்டாவது கல் என்று முணுமுணுத்தபடி எண்ணினார்.

"பதிமூணுங்களா?"

"பதிமூணேதானுங்ணா."